துருப்பிடித்த கன்னாவில் எதை முதலில் தொடுவது?

கியோட்டோவின் தோஜி கோயிலில் மாதந்தோறும் 21ஆம் தேதி கூடும் சந்தையில் 2,000 யென் கொடுத்து ஒரு பழைய கன்னா, அதாவது ஜப்பானிய இழைப்புளி, வாங்கியிருக்கிறீர்கள். அலகு துருப்பிடித்துக் கட்டைக்குள் இறுகிக் கிடக்கிறது. துருவை எதைப் போட்டு எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது." உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். துருவை எடுப்பது எளிது. எந்த இடத்தில் கை தவறினால் மீண்டும் சரிசெய்யவே முடியாது என்று தெரிந்துகொண்டு, அந்த இடங்களுக்குக் கடைசியில் போவதுதான் இந்த வேலையின் சூட்சுமம்.

கிஃபு மாவட்டத்தின் தகாயாமாவில் ஒரு மரச்சாமான் பட்டறையில் ஆறு ஆண்டுகள் இருந்து தொழில் கற்றேன். முதல் ஆண்டின் பெரும்பகுதி சாணைக்கல் முன்னால் குந்தியபடியே போனது. இன்றும் தினமும் கன்னா பிடிக்கிறேன். ஆகவே அலகு, கட்டை, தீட்டுதல் பற்றிச் சொல்வதெல்லாம் கையால் கண்டது. உங்கள் அலகில் என்ன எஃகு இருக்கிறது, அதன் பதம் இன்னும் நிற்கிறதா என்பதைப் படத்தைப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதைக் கல்தான் சொல்ல வேண்டும்.

முதலில் கையில் இருப்பது என்ன என்று புரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் ஆசாரிகள் தள்ளி இழைக்கிறார்கள். கன்னாவை இழுத்து இழைக்க வேண்டும். அதன் உடல் ஒற்றைக் கட்டை, பெரும்பாலும் ஜப்பானிய வெள்ளை ஓக் மரம். அலகு முழுக்க எஃகு கிடையாது. எட்டு மில்லிமீட்டர் வரை தடிமன் கொண்ட மென்மையான இரும்பின் அடியில், மெல்லிய கடினமான எஃகுத் தகட்டை உலையில் காய்ச்சி அடித்து ஒட்டியிருப்பார்கள். மென்இரும்புக்கு ஜிகானே என்றும் எஃகுக்கு ஹகானே என்றும் பெயர். வெட்டுவது ஹகானே. அது உடையாமல் தாங்குவதும், கல்லில் சீக்கிரம் தேய்ந்து தீட்டும் வேலையைக் குறைப்பதும் ஜிகானே. அலகு தலைப்பக்கம் தடித்தும் வாய்ப்பக்கம் மெலிந்தும் ஆப்பு போல இருக்கும். கட்டையின் இரு பக்கப் பள்ளங்களில் அந்த ஆப்பு இறுகுவதால்தான் அது நிற்கிறது. திருகும் இல்லை, பூட்டும் இல்லை.

உங்கள் படத்தில் அலகின் மேல் இன்னொரு சிறிய தகடும், அதைப் பிடிக்கும் குறுக்குக் கம்பியும் தெரிகின்றன. அந்த இரண்டாவது தகடு ஜப்பானில் மெய்ஜி காலத்தில்தான், அதாவது 1868க்குப் பிறகுதான், பரவலானது. எனவே உங்களுடையது அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்புக் குறைவு. அலகின் முகத்தில் கொல்லரின் பெயர் பொறித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து விலை போடவும் வேண்டாம், தரம் போடவும் வேண்டாம். சியோசுரு கொரேஹிதே (1874–1957) போன்ற பெரிய கொல்லர்களின் பெயருக்கு இருந்த மதிப்பே அந்தப் பெயர்களைப் பலரும் பொறித்துக்கொள்ளக் காரணமானது. பெயர் பொய் சொல்லலாம். கல்லில் தேய்க்கும்போது வரும் சத்தமும் கைக்குத் தெரியும் பிடிப்பும் பொய் சொல்வதில்லை.

இனி அலகை வெளியே எடுப்போம். அலகின் தலை சாய்ந்திருக்கும் பக்கத்துக் கட்டைமுனையைச் சுத்தியலால் தட்ட வேண்டும். முனையின் நடுவில் தட்டாதீர்கள். மேல்விளிம்பின் இடது மூலையிலும் வலது மூலையிலும் மாறிமாறித் தட்டுங்கள். அடி விழும் திசை, அலகு படுத்திருக்கும் சாய்வுக்கு இணையாக இருக்கட்டும். நடுவில் ஓங்கி அடித்தால், காய்ந்து சுருங்கிய பழைய கட்டை பிளக்கும். இரும்புச் சுத்தியலைவிடக் கொட்டாப்புளி நல்லது. அசையவில்லை என்றால் ஓங்கி அடிக்காமல், துருப் பிடித்த இடுக்கில் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். மரம் சுருங்கி அலகை இரு பக்கமும் நெருக்கியிருந்தால், ஈரப்பதமான அறையில் ஒரு வாரம் வைத்தாலே பிடி தளரும். நான் இப்படிப் பத்து நாள் காத்திருந்து, பிறகு பத்தே தட்டில் எடுத்த அலகு உண்டு.

வெளியே வந்த அலகை இப்போது எதுவும் செய்யாமல் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் ஹகானே எதுவரை ஏறுகிறது என்ற கோடு தெரியும். இன்னும் எவ்வளவு ஆயுள் மிச்சம் என்பதற்கு அதுதான் கணக்கு. பிறகு பின்புறத்தைத் திருப்புங்கள். நடுவில் பள்ளமாகக் குடைந்து, சுற்றிலும் மெல்லிய சமதளம் விட்டிருப்பார்கள். இந்தப் பின்புறத்துக்கு உரா என்று பெயர். வாய் ஓரமாகக் குறுக்கே ஓடும் அந்த ஒடுங்கிய சமதளத்தை இட்டோஉரா என்பார்கள். இட்டோ என்றால் நூல். உண்மையிலேயே நூல் போல ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அகலமே இருக்க வேண்டும். இந்த நூல் இருக்கிறதா, அறுந்துவிட்டதா? மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

துரு பற்றிக் கேட்டீர்கள். அலகின் முகத்திலும் தலையிலும் உள்ள துருவை எண்ணெய் தொட்ட நுண்ணிய உப்புத்தாளால் தளர்வாகத் தேய்த்து, உதிர்வதை மட்டும் எடுங்கள். கரும்பழுப்பாக ஒட்டிக்கிடப்பதை விட்டுவிடுங்கள். அது வேலைக்கு இடையூறே இல்லை. மின்சாரச் சக்கரத்தில் வைத்துப் பளபளப்பாக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்த எஃகு குறைந்த சூட்டில் பதம் ஏற்றப்பட்டது. சக்கரத்தில் சில நொடி சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது, எந்தக் கல்லாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அமிலத்தில் ஊறவைக்கும் வழியும் சிலர் சொல்வார்கள். துரு போகும் என்பது உண்மை. நல்ல எஃகின் பரப்பையும் சேர்த்து அரித்துவிடும் என்பதால் அலகுக்கு நான் அதைச் செய்வதில்லை.

துருவின் அளவைவிடத் துருக்குழி இருக்கும் இடம்தான் முக்கியம். உராவின் நடுப்பள்ளத்தில் எத்தனை குழி இருந்தாலும் கவலையில்லை, அது எந்தப் பரப்பையும் தொடுவதில்லை. இட்டோஉராவில் ஒரு குழி இருந்தால், அது தேயத்தேய விளிம்புக்கு வந்து, இழைத்த மரத்தில் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் அந்த நூலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாருங்கள். ஊசிமுனை அளவுக் குழி ஒன்றிரண்டு என்றால் வேலையைத் தொடங்கலாம். வாய் முழுக்கப் புற்று அரித்ததுபோல் இருந்தால், நல்ல எஃகு தெரியும் வரை வாயைத் தேய்த்துப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கும்; பொறுமையாக, கரடான கல்லில், கையால்.

அடுத்தது உராவைச் சமமாக்குவது. கானாபான் என்ற தட்டையான இரும்புப் பலகையில் சிட்டிகை சிலிக்கான் கார்பைடு தூளும் இரண்டு துளி நீரும் விட்டு, அலகின் மேல் ஒரு மரக்குச்சியை வைத்து அழுத்தித் தேய்ப்பார்கள். தூள் நொறுங்கி மையாகும். ஈரம் வற்ற வற்ற எஃகில் கண்ணாடிப் பளபளப்பு ஏறும். இன்று நல்ல வைரத்தகடு கிடைப்பதால் அதிலும் செய்யலாம். எதில் செய்தாலும் ஒன்றை மறக்காதீர்கள்: உராவில் தேய்க்கும் ஒவ்வொரு தேய்ப்பும் அந்த நடுப்பள்ளத்தின் ஆழத்தைத் தின்கிறது. பள்ளம் மறைந்து பின்புறம் முழுக்கத் தட்டையான பழைய அலகுகள் சந்தையில் நிறைய உண்டு. யாரோ ஒருவர் பொறுமை இழந்து தேய்த்துத் தள்ளியிருப்பார்.

அந்த நூல் அறுந்திருந்தால், அதாவது பள்ளமே விளிம்பைத் தொட்டுவிட்டிருந்தால், தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அதற்கு உராதாஷி என்ற முறை இருக்கிறது. தீட்டும் சாய்முகத்தில் உள்ள மென்இரும்பைச் சுத்தியல் மூலையால் மெல்ல மெல்லத் தட்டினால் இரும்பு விரிந்து, அடியிலிருக்கும் எஃகைக் கொஞ்சம் பின்புறமாகத் தள்ளும். தள்ளிய பிறகு லேசாகத் தேய்த்தால் நூல் மறுபடியும் பிறக்கும். அடைகல்லின் வட்டமான விளிம்பில், அடி விழும் இடத்துக்கு நேர் கீழே அலகின் பின்புறம் படிந்திருக்க வேண்டும். சாய்முகத்தின் நடுப்பகுதியை ஒட்டி, ஜிகானேயில் மட்டும், நடுவே அதிகமும் ஓரங்களில் குறைவுமாக நூறு சிறு தட்டுகள். ஒரு தட்டும் ஹகானேயில் விழக்கூடாது. சாய்முகத்தைக் கல்லில் தேய்த்தபின் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் கோடு தெளிவாகத் தெரியும்: ஜிகானே மழைமேகம் போல் மங்கலாகவும், ஹகானே கண்ணாடி போலவும் இருக்கும். அந்தக் கோட்டின் மேல் பேனாவால் ஓர் எச்சரிக்கைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தகாயாமாவில் இரண்டாம் ஆண்டு, மாலை வேலை முடியும் நேரத்தில், இன்னும் நாலே தட்டு என்று நினைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். மணிக்கட்டு களைத்திருந்தது. ஒரு தட்டு கோட்டைத் தாண்டியது. பெரிய சத்தம் எதுவும் இல்லை, நகம் ஒடிந்ததுபோல் ஒரு சின்ன 'டிக்'. விளிம்பிலிருந்து முடி அளவு வெடிப்பு மேல்நோக்கி ஏறியிருந்தது. அந்த அலகில் நான்கு மில்லிமீட்டர் தேய்த்துக் கழித்த பிறகுதான் வெடிப்பு போனது. ஒரு தச்சர் பல ஆண்டுகள் தீட்டிச் செலவழித்திருக்க வேண்டிய எஃகு அது. ஆகவே என் கருத்து இதுதான்: உங்கள் அலகுக்கு உராதாஷி தேவைப்பட்டால், அதே சந்தையில் மலிவான உடைந்த அலகு ஒன்றை வாங்கி, முதலில் அதில் தட்டிப் பழகுங்கள். ஜப்பானில் இருக்கும்வரை இதைச் செய்து தரும் கருவிக்கடைகளும் உண்டு. முதல் அலகை அவர்களிடம் கொடுத்துச் செய்து வாங்குவதில் ஒரு குறையும் இல்லை.

தீட்டுவது பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், பழகினால்தான் வரும். சாய்முகம் தட்டையாக இருக்க வேண்டும், முட்டை போல் உருண்டிருக்கக் கூடாது. 1000 எண் கல்லில் பின்புறம் முழு அகலத்துக்கும் பிசிர் வரும்வரை தேய்த்து, 6000 அல்லது 8000 எண் கல்லில் முடித்தால் போதும். பின்புறத்தை மெருகுக் கல்லில் மட்டுமே தொடுங்கள். கல்லை அடிக்கடி சமப்படுத்துங்கள். குழிந்த கல் நேரான விளிம்பைத் தராது. எஃகு வெள்ளைக் காகித வகையா நீலக் காகித வகையா என்று பலரும் விவாதிப்பார்கள். ஷிமானே மாவட்டத்து யசுகி எஃகில் சுற்றப்பட்ட காகிதத்தின் நிறத்தால் வந்த பெயர்கள் அவை. நீலத்தில் டங்ஸ்டனும் குரோமியமும் சேர்ந்திருக்கும். பழைய அலகில் கண்ணால் பார்த்து இதைப் பிரித்தறிய முடியாது. சீக்கிரம் கூர் ஏறி, பிசிர் சுத்தமாக உதிர்ந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தீட்டினாலும் விளிம்பு மடங்கிக்கொண்டே இருந்தால், முன்பு யாரோ அதைச் சூட்டில் கெடுத்திருக்கலாம். அப்போதும் ஒரு மில்லிமீட்டர் தேய்த்துப் பாருங்கள், சிலவேளை கெட்டது விளிம்போடு போய்விடும்.

அலகு தயாரான பிறகுதான் கட்டையைத் தொட வேண்டும். தேய்ந்த அலகுக்குப் புதுக் கட்டை போடலாம், கட்டை அடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஜப்பானில் இருக்கிறார்கள். எனவே கட்டையில் கை தவறினாலும் உலகம் முடிந்துவிடாது. அலகு படுக்கும் சாய்தளத்தில் வெடிப்பு குறுக்கே ஓடியிருந்தால் புதுக் கட்டைதான் வழி. இல்லையென்றால் அலகில் சாய்தளத்தின் மேல் படியும் பக்கத்தில் பென்சில் கரியும் ஒரு சொட்டு எண்ணெயும் தேய்த்து உள்ளே தட்டி, வெளியே எடுத்துப் பாருங்கள். சாய்தளத்தில் கரி எங்கெங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் உரசுகிறது. அந்தப் புள்ளிகளை மட்டும் உளியால் சுரண்டி எடுங்கள். மறுபடி தட்டி, மறுபடி பாருங்கள். கையால் அழுத்தினால் அலகு கட்டையின் வாய்க்கு, அதாவது அடியில் அலகு எட்டிப் பார்க்கும் பிளவுக்கு, சில மில்லிமீட்டர் தூரம் வரை வந்து, மிச்சத்தைச் சுத்தியல் கொண்டுபோக வேண்டும். பக்கப் பள்ளங்களில் அகலவாக்கில் சிறிது தளர்வு இருந்தே ஆக வேண்டும். மழைக்காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் நடுவில் கட்டை சுருங்கும், இரும்பு சுருங்காது. அலகு தொளதொளவென்று இருந்தால் சாய்தளத்தில் ஒரு தாளைச் சோற்றுப்பசையால் ஒட்டுங்கள். எளிய வழிதான், எனினும் பெரிய தச்சர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

கட்டையின் அடிப்பரப்பு முழுக்கச் சமமாக இருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். மெருகு இழைப்புக்கு அது இரண்டே இடத்தில் மரத்தைத் தொடும்: இழுக்கும்போது முன்னால் வரும் முனையில் ஒரு பட்டை, வாய்க்குச் சற்று முன்னால் ஒரு பட்டை. மற்ற இடமெல்லாம் ஒரு மெல்லிய தாளின் கனத்துக்குத் தாழ்ந்திருக்கும். இந்தத் தாழ்வைச் சுரண்டி எடுக்கவே, அலகு நேராக நிற்கும் தனி இழைப்புளி ஒன்று உண்டு. உங்களுக்கு இப்போதைக்கு ஒரு கூரான உளியை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டினாலே போதும். ஒரு விஷயத்தில் கவனம்: அடிப்பரப்பைச் சோதிக்கும்போது அலகு கட்டைக்குள் இறுகியிருக்க வேண்டும், வாயிலிருந்து வெளியே வராத அளவில். அலகின் இறுக்கம் கட்டையைச் சற்று வளைக்கும். அலகில்லாமல் சமப்படுத்திய கட்டை அலகைப் போட்டதும் கோணிக்கொள்ளும். மட்டக்கோலை நீளவாக்கிலும் குறுக்கிலும் இரு மூலைவாக்கிலும் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

கட்டைக்கு எண்ணெய் ஊட்டலாமா என்பதில் கைத்தொழிலாளர்களே இரண்டு பட்டிருக்கிறார்கள். எண்ணெய் ஊறிய கட்டை குறைவாக அசையும் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். அலகு வழுக்கிப் பின்வாங்கும் என்கிறது மறுபக்கம். நான் ஊட்டுவதில்லை. அடியில் மட்டும் அவ்வப்போது ஒரு துளி கமீலியா எண்ணெய் தடவுகிறேன். இரண்டில் எது சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன், உங்கள் ஊர் ஈரப்பதத்தைப் பொறுத்தது.

மேல்தகடு கடைசி. அதன் விளிம்பு அலகின் பின்புறத்தில் இடைவெளியின்றிப் படிய வேண்டும். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் ஒளிக்கோடு தெரியக் கூடாது. ஆடினால், மேல்தகட்டின் மேல்மூலைகளில் மடிந்திருக்கும் காதுகளைத் தட்டிச் சரிசெய்வார்கள். அலகின் விளிம்பிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள், முரட்டு மரத்துக்கு இன்னும் நெருக்கமாக வையுங்கள். இழை எதிர்த்து வரும் இடத்தில் மரம் பிய்ந்துகொள்ளாமல் காப்பது இதுதான்.

முதல் இழைப்புக்கு ஹினோகி, சுகி போன்ற ஜப்பானிய ஊசியிலை மரத்தில், முடிச்சில்லாத மென்மரத் துண்டு ஒன்றை எடுங்கள். கட்டையைக் கவிழ்த்து, அடிப்பரப்பின் மேல் கண்ணை ஓட்டியபடி அலகின் தலையை மிக மெதுவாகத் தட்டினால், வாயில் ஒரு கறுப்பு முடி போல விளிம்பு எட்டிப் பார்க்கும். அதுவே அதிகம், கட்டைமுனையை ஒரு தட்டுத் தட்டிப் பின்னுக்கு வாங்குங்கள். ஜப்பானில் நடக்கும் இழைப்புப் போட்டிகளில் பத்து மைக்ரானுக்கும் குறைவான சீவல் எடுக்கிறார்கள். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ எழுபது மைக்ரான். அதை இப்போது நினைக்காதீர்கள். அலகின் முழு அகலத்துக்கும், கிழியாமல் ஒரு சீவல் வந்தால் போதும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் அலகின் தலையைப் பக்கவாட்டில் மெல்லத் தட்டித் திருத்துங்கள். நடுவில் மட்டும் வந்தால் விளிம்பு உருண்டிருக்கிறது, கல்லுக்குத் திரும்புங்கள். ஓரங்களில் மட்டும் வந்தால் விளிம்பு நடுவில் குழிந்திருக்கிறது.

உராவைச் சமப்படுத்தியதும், சுத்தியலை எடுப்பதற்கு முன்பு, ஜன்னல் வெளிச்சத்தில் அதை ஒரு படம் எடுத்துக் கேள்வியோடு சேர்த்துப் போடுங்கள். நூல் எங்கே நிற்கிறது, எங்கே அறுந்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். தட்ட வேண்டுமா வேண்டாமா என்பதை அப்போது சொல்கிறேன். அதுவரை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அலகைத் தளர்த்திவிட்டுக் கட்டையை வெயில் படாத இடத்தில் வையுங்கள்.